பின்னால் வரும் சைக்கிள்

அன்புள்ள வாத்துக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். இடுப்பு எலும்பில் விரிசல் விட்டுக் கட்டிலில் கிடந்தபோதும் அப்படித்தான் சொன்னாய். அதனால் இந்த முறை பொதுவாகக் கேட்கப் போவதில்லை. இடது இடுப்பு எப்படி இருக்கிறது, அதை மட்டும் சொல்.

இந்தக் கடிதத்தை உங்கள் பயிற்சி முகாமில் மசாஜ் செய்கிற அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். விடுமுறைக்கு வந்தவர் நாளை அங்கே திரும்புகிறாராம். தபாலில் போட்டால் கோச் மேசையில் போய் விழும். அவர் பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் கொடுக்கும்போது, "வீட்ல எல்லாம் சரிதானே?" என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை இல்லாமல் நீ இதைப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினாய் அல்லவா? பாப்பாவுக்குப் பல் விழுந்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நீ குரலைத் தணித்து, "நான் நடக்கிறத நிறுத்திட்டா நீங்க என்ன நினைப்பீங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் முகாமில் இருக்கிற ஒரே போனுக்காகக் காத்திருந்த அடுத்த பெண் வந்துவிட்டாள், வைத்துவிட்டாய். அன்றிலிருந்து மாவு பிசையும்போதும் அதே நினைப்பு, அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு தட்டு பன் கரியாகிப் போய் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தக் கடிதம் உன் கேள்விக்குப் பதில். ஆனால் உனக்குப் பதிலாக நான் போன விருது விழாவில் நடந்ததைச் சொல்லாமல் என்னால் பதிலுக்கு வர முடியாது. உனக்குத்தான் பொறுமை அதிகம் என்று விருதே கொடுத்துவிட்டார்களே, பொறுமையாகப் படி.

முதலில் கோட்டு. உன் அண்ணன் தன் கல்யாணக் கோட்டைக் கொடுத்தார். மச்சான் உடம்புக்கு அது சட்டை, என் உடம்புக்குக் கூடாரம். அத்தை தன் பிள்ளையின் கோட்டுக் கையை மடித்துத் தைத்து, தோளில் பஞ்சு வைத்து, ஒருவழியாக என்னை மனிதனாக்கினார். அப்படியும் ரொட்டி வாசனை போகவில்லை. மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு குத்துச்சண்டை வீரர். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இங்க பக்கத்துல பேக்கரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நான்தான் பேக்கரி என்றேன். நீ ஏன் எனக்குப் பன்னு என்று பேர் வைத்தாய் என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

நல்ல மனிதர். ஆனால் வேகநடை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு வேகமாகப் போனாலும் ஏதாவது ஒரு பாதம் தரையில் இருந்தாக வேண்டும், இரண்டும் மேலே எழுந்தால் அது ஓட்டம், நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "ஓடத் தெரிஞ்சவங்கள ஓடக் கூடாதுன்னு சொல்ற போட்டியா? இதுக்கு நான் குத்து வாங்குறதே மேல்" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

மத்தியானமே ஒத்திகை வைத்திருந்தார்கள். காதில் கருவி மாட்டிய ஒரு பெண் எங்களை வரிசையில் நிற்க வைத்து, எந்தப் படியில் ஏறுவது, எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். என்னிடம் மட்டும் திரும்பத் திரும்ப, "காலைப் பார்க்காதீங்க சார், கேமராவப் பாருங்க" என்றாள். நான் என்ன செய்வேன்? கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் உன் பின்னாலேயே வந்து, உன் பாதம் தரையை விட்டு எழுகிறதா என்று பார்ப்பதுதானே என் வேலை. உன் முகத்தைவிட உன் குதிகாலை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இப்போது யாரைக் கண்டாலும் கண் முதலில் கீழேதான் போகிறது.

கோச் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தார். சின்னதுதான். உன் சார்பில் எல்லோருக்கும் நன்றி, ஆஸ்பத்திரிக்கு நன்றி, சங்கத்துக்கு நன்றி. கடைசி வரி இது: "என் மனைவி ஒருநாளும் நிற்க மாட்டார், அடுத்த வாரத் தகுதிப் போட்டியிலும் அதற்குப் பிறகும் நடந்துகொண்டே இருப்பார் என்று உறுதி தருகிறேன்." அடுக்களையில் அத்தையையும் பாப்பாவையும் உட்கார வைத்து அதைப் பேசிப் பேசி மனப்பாடம் செய்திருந்தேன். பாப்பாவுக்கே தலைகீழாகத் தெரியும்.

விழா என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. சிறந்த வீரர், சிறந்த அணி என்று வரிசையாகக் கொடுத்தார்கள். குத்துச்சண்டைக்காரருக்கும் ஒன்று கிடைத்தது, அதைத் தலையணை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். கடைசிக்கு முந்தியது உன்னுடையது, விடாமுயற்சி விருது. விளக்கை அணைத்துவிட்டு உன்னைப் பற்றி எடுத்த படத்தைப் போட்டார்கள். போன வருஷம் நீ ரோட்டில் விழுந்தது, ஆஸ்பத்திரிக் கட்டில், ஊன்றுகோல், மறுபடி நடந்தது, இந்த வருஷப் போட்டியில் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சரிந்தது. அன்று எனக்கு வேலை நாள், அந்தப் போட்டிக்கு நான் வரவில்லை அல்லவா? முடித்துவிட்டாய் என்று போனில் கேட்டதோடு சரி. படமாக இப்போதுதான் பார்க்கிறேன்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். திரை முழுக்க உன் பாதம் இரண்டும். வலது பாதம் இறங்குவதற்கு முன்னாலேயே இடது எழுந்துவிட்டது. அவ்வளவுதான். நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து போயிற்று. "தரை! தரை!" என்று கத்திவிட்டேன். தினமும் சைக்கிளிலிருந்து கத்துவேனே, அதே கத்தல். மாவு பிசைகிற இயந்திரத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, சும்மா இருக்குமா? மண்டபமே திரும்பிப் பார்த்தது. தொகுத்து வழங்கிய பெண் நெஞ்சில் கை வைத்து, கணவரின் உணர்ச்சி இது என்று என்னவோ சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். உணர்ச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சிவப்பு அட்டை பயத்தில் கத்தினேன். போட்டி முடிந்து மாசக் கணக்காகிவிட்டது என்பதுகூட அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை.

அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டபோதுதான் நான் பார்த்தது எனக்கே உறைத்தது. அது வேகத்தில் எழுந்த கால் இல்லை. வேகத்தில் எழுவது எப்படி என்று எனக்குத் தெரியும். சூடான தட்டில் தெரியாமல் கை பட்டால் வெடுக்கென்று எடுப்போமே, அப்படித் தரையிலிருந்து எடுத்தாய். அந்தக் காலில் உன்னால் பாரம் போட முடியவில்லை. நேரில் நின்ற நடுவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. கண்ணுக்குத் தெரிந்தால்தான் குற்றம், அதனால் நீ தப்பு எதுவும் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உனக்கு வலித்திருக்கிறது. எல்லோரும் நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் காலைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்காதே.

பேரைக் கூப்பிட்டார்கள். "நிறுத்துவது என்ற சொல்லே தெரியாத பெண்" என்றாள் தொகுப்பாளினி. உரலில் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயந்து ஆகுமா? ஏறினேன். விருதைக் கொடுத்தது ஒரு பழைய ஓட்டப்பந்தய வீராங்கனை. கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். எல்லோரும் பாராட்டுச் சொன்னார்கள், அவர் ஒருத்தர்தான் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அவளுக்கு வலி இருக்காப்பா?" என்று கேட்டார். இருக்கும்மா என்றேன். என் கையை அழுத்திவிட்டு நகர்ந்துவிட்டார்.

பிறகு பேச்சு. நன்றியெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கடைசி வரிக்கு வந்தேன். எழுத்து கண் முன்னால் இருக்கிறது, வாய் வர மாட்டேன் என்கிறது. நீ போனில் கேட்டது ஒரு காதில், கொஞ்சம் முன்னால் நான் கத்தியது ஒரு காதில். தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்னன்னு அவதான் வந்து சொல்லணும். அவளுக்காக நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றேன். கை தட்டுவதா வேண்டாமா என்று அவர்களுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம் குத்துச்சண்டைக்காரர் ஆரம்பித்து வைத்தார்.

விழாவுக்காக முகாமிலிருந்து வந்திருந்த கோச்சுக்கு வருத்தம். வெளியே வந்ததும், "ஒரு வரிதானே, படிச்சா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றார். அது அவளோட வரி சார் என்றேன். ஆனாலும் தன் காரிலேயே ஏற்றி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். உன்னை ஜெயிக்க வைத்தே தீருவது என்று இருக்கிறார், அவ்வளவுதான். அவரிடம் மரியாதையாகப் பேசு, ஆனால் உண்மையைப் பேசு.

விருது கண்ணாடியில் செய்தது, கனமானது. அத்தை அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார். பாப்பா நாற்காலி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, "அம்மா விழுந்ததுக்கா குடுத்தாங்க?" என்று கேட்டாள். விழுந்ததுக்கு இல்லடி, எழுந்ததுக்கு என்றார் அத்தை. "அப்ப எழுந்து நேரா வீட்டுக்கு வந்திருந்தா குடுத்திருக்க மாட்டாங்களா?" என்றாள். சின்ன வாத்து கேள்வி கேட்பதில் உன்னைப் போலத்தான்.

இப்போது பதில். நீ நிறுத்தினால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதில் பொய் சொல்ல மாட்டேன். இருட்டு பிரிகிற நேரத்தில் அந்தச் சாலை, முன்னால் நீ, பின்னால் நான், வேலிக்கு அந்தப் பக்கம் குரைக்கிற நாய். என் நாளிலேயே நல்ல நேரம் அதுதான். ஆனால் அது என் வருத்தம். அதை நான் பார்த்துக்கொள்வேன், நீ அதையும் இடுப்பில் சுமக்க வேண்டாம்.

அந்தக் கண்ணாடிக்காகவும் நடக்காதே. அது நீ நடந்து முடித்ததற்குக் கொடுத்தது. யாரும் திருப்பிக் கேட்டு வரப் போவதில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நீ வாத்து மாதிரி இடுப்பை ஆட்டி நடந்தபோதும் சொன்னவர்கள்தானே அவர்கள். உனக்கே நடக்க வேண்டும் என்று இருந்தால் நட, முதலில் டாக்டரிடம் இடுப்பைக் காட்டிவிட்டு நட. நான் பழையபடி பின்னால் வந்து தொண்டை கிழியக் கத்துகிறேன். வேண்டாம் என்று இருந்தால் தகுதிப் போட்டி வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. பையை எடுத்துக்கொண்டு வா. அத்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன், உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். சைக்கிளைக் கடையில் விட்டு எடுத்தேன். சங்கிலி மாற்றியாயிற்று. பின்னால் இருக்கிற கம்பியில் மெத்தை வைத்து ஒரு இருக்கை போட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரர், "யாருக்கு, பாப்பாவுக்கா?" என்றார். பாப்பா அம்மாவுக்கு என்றேன். "அவங்களா? அவங்க ஒருநாளும் இதுல ஏறி நான் பார்த்ததில்லையே" என்றார். நானும்தான் பார்த்ததில்லை.

நீ எந்த நாள் வந்தாலும், ஜெயித்து வந்தாலும் பாதியில் வந்தாலும், பஸ் நிலையத்தில் அந்தச் சைக்கிளோடு நிற்பேன். உனக்கு முன்னால் நடக்கத் தோன்றினால் நட. இல்லையென்றால் ஏறி உட்கார்ந்துகொள். இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்துவிடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எப்போதும் உன் பின்னால் வருகிற
பன்னு