காணாமற்போன ஐந்தாவது ஈயக் கலன் பற்றியும், நான் சொல்லாமல் விட்டது பற்றியும்

அனுப்புநர்:
திருமதி கஜானி ரதீஸ், விஞ்ஞானமாணி (பௌதிகவியல்),
கடற்கரை வீதி, செட்டிபாளையம்,
மட்டக்களப்பு.

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
கதிர்மூலப் பாதுகாப்பு ஆலோசனைச் சபை,
கொழும்பு.

விடயம்: காணாமற்போன ஐந்தாம் இலக்கக் கலனின் கதிர்மூலம் செட்டிபாளையத்தில் குடியிருப்பு வீடொன்றில் இருப்பது, அதை உடனே அகற்றுவது, பொதுமக்களுக்கு அறிவிப்பதைத் தடுக்கும் வழிகாட்டியின் ஏழாம் பிரிவை நீக்குவது.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். இரவு பதினொன்றரை கழிந்துவிட்டது. அயல்வீட்டுக் குடும்பம் எங்கள் மண்டபத்தில் பாய்விரித்துப் படுத்திருக்கிறது. அவர்கள் கண்ணயர்ந்த பிறகுதான் எனக்கு மேசையில் இருக்க முடிந்தது. எழுதி முடித்ததும் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். கையொப்பமிட்ட பிரதி காலையில் பதிவுத் தபாலில் வரும்.

1. தங்களுக்கு என்னை நினைவிருக்கலாம். கடந்த மார்ச் வரை தங்கள் சபையின் தொழினுட்பக் குழுவில் தற்காலிக ஆய்வு உதவியாளராக இருந்தேன். இப்போது ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒன்றரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

2. ஜனவரியில், மூடப்பட்ட ஆலையொன்றிலிருந்து ஐந்து ஈயக் கலன்கள் லொறியில் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொன்றும் இரும்புக் கூடு போட்ட, உரித்த தேங்காய் அளவான ஈய உருண்டை. நடுவில் சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் அடைத்த விரல்நுனி அளவான உருக்குக் குப்பி. சுற்றியுள்ள ஈயம்தான் கதிரை வெளியே விடாமல் தடுக்கிறது. லொறி எங்கள் மாவட்டத்தில் ஓர் இரவு தரித்து நின்றது. கொழும்புக்கு நான்கு கலன்களே வந்து சேர்ந்தன.

3. பெப்ரவரியில் தங்கள் தலைமையில் நடந்த கூட்டத்தில் குறிப்பெடுத்தவள் நான். வழிகாட்டியின் முதல் வரைவில், கலனின் படத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, பழைய இரும்பு வாங்கும் கடைகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கொடுப்பதென்று இருந்தது. பிறகு, படம் வெளியே போனால் கெட்ட எண்ணமுள்ளவர்கள் தேடிப் புறப்படுவார்கள் என்றும், சனம் பீதியடையும் என்றும் பேசப்பட்டது. அந்தப் பயத்தை நான் குறைசொல்லவில்லை. நாடு பட்டது கொஞ்சமல்ல. ஆனால் இரகசியமாக வைக்கும்படி பாதுகாப்புத் தரப்பு அன்று எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் ஆலோசனை என்னவென்றுதான் கேட்டது. அந்த ஆலோசனையை எழுதியவர்கள் விஞ்ஞானம் படித்த நாங்கள். நாங்கள் எழுதியதால் அதற்குமேல் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

4. முடிவெடுப்பதற்கு முன் தாங்கள் என் பக்கம் திரும்பி, "நீங்கள் அந்தப் பகுதிதானே, அங்கே வீடுகளில் ஈயத்தை யாராவது பாவிப்பார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டீர்கள். "இல்லை, சேர்" என்றேன்.

ஐயா, அது பொய். வாவியில் வீச்சுவலை எறியும் வீடுகளில் ஈயம் உருக்குவார்கள். பழைய சட்டியில், சிரட்டை நெருப்பில் உருக்கி, வலையின் ஓரத்தில் கட்டும் குண்டுகளாக வார்ப்பார்கள். என் அப்பாவும் அதைத்தான் செய்தார். அந்தக் குண்டுகளைக் கோத்துக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த மேசையில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டு அடுப்படியை அவர்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. "அப்பகுதியில் ஈயத்துக்கு வீட்டுப் பாவனை கிடையாது" என்ற வசனம் அறிக்கையில் ஏறியது. வழிகாட்டியில் ஏழாம் பிரிவும் ஏறியது. இரண்டையும் தட்டச்சு செய்தவள் நானே. இரகசியப் பிரகடனத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

5. எங்கள் அயலவர் நல்லரத்தினம், வயது 44, வாவியில் வீச்சுவலைத் தொழில் செய்பவர். அவருடைய மனைவி கண்ணகையிடம்தான் மகளைக் காலையில் விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போவேன். கடந்த செவ்வாய்க்கிழமை, 17ஆம் திகதி, பிள்ளையைக் கூட்டப் போனபோது நல்லரத்தினம் வாசலில் இருந்து புதுக் குண்டுகள் கட்டிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மூன்றில் சீலை சுற்றியிருந்தது. என்னவென்று கேட்டேன். "ஈயம் சுட்டுப்போட்டுது புள்ள. ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித்தான் சொன்னாங்க, மருந்து கட்டினாங்க. ஆனா இஞ்ச பாரு, இடுப்பிலயும் சுட்டுக் கிடக்கு. இடுப்பிலயா நான் ஈயம் உருக்கின?" என்று சொல்லிச் சிரித்தார்.

ஈயம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பழைய இரும்பு வாங்கி விற்கும் ஏறாவூர் மஜீட் போன மாதக் கடைசியில் கொண்டுவந்த உருண்டை என்றார். உருக்கியபோது உள்ளேயிருந்து விரல்நுனி அளவில் ஒரு உருக்குத் துண்டு மிதந்து வந்ததாம். பளபளப்பாக இருந்ததால் எறிய மனம் வராமல் மூன்று நாள் சாரன் மடியில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். இப்போது அது வலைநூல் போட்டிருக்கும் பால்மா டின்னுக்குள் இருக்கிறது. அந்த டின் உள்ளறைக் கட்டிலுக்குக் கீழே. அந்தக் கட்டிலில் படுப்பவள் அவர்களுடைய மகள் சுலோஜனா. வயது ஏழு.

6. இனி வருவதை எழுதாவிட்டால் இந்த மனு முழுமையாகாது. அவர் சொல்லி முடித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளைக்கு உடம்பு சுடுது அக்கா, காய்ச்சல்போல" என்று கண்ணகையிடம் பொய் சொல்லி, என் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கள் சபையின் அவசர இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கடமையில் இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார். குழு வரும்வரை எவருக்கும் தகவல் சொல்லவோ, ஆட்களை அப்புறப்படுத்தவோ கூடாதென்று ஏழாம் பிரிவை வாசித்துக் காட்டினார். அவரில் பிழையில்லை. அவர் வாசித்தது நான் தட்டச்சு செய்த வசனத்தைத்தான். புதன்கிழமை மீண்டும் எடுத்தேன். வாகனத்துக்கு அனுமதி எடுக்கிறார்கள் என்றார்கள். இன்று வியாழன். இன்னும் ஒருவரும் வரவில்லை.

7. புதன் காலையில் சுலோஜனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தங்கச்சியின் காய்ச்சலுக்கென்று அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்ததாகச் சொல்லி ஒரு சுடுதண்ணிப் போத்தலை நீட்டினாள். வாங்கினேன். மாலையில் வெறும் போத்தலை எடுக்க வந்தவள், "காய்ச்சல் விட்டுட்டுதா மிஸ்?" என்று கேட்டாள். விட்டுவிட்டது என்றேன். அவளை அந்த அறைக்கே திருப்பி அனுப்பினேன். செவ்வாய் இரவும் புதன் இரவும் அவள் அந்தக் கட்டிலில்தான் படுத்தாள். அதற்கு முந்திய இரவுகளுக்குப் பலர் பொறுப்பாக இருக்கலாம். இந்த இரண்டு இரவுகளுக்கும் நான்தான் பொறுப்பு.

8. இன்று மாலை ஆறு மணியளவில் என் பிரகடனத்தை மீறி அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லரத்தினம் முதலில் நம்பவில்லை. "ஈயத்தில வருத்தம் வருமா? உன்ட அப்பனும் நானும் ஒரே சட்டியில உருக்கின ஆக்கள்தானே" என்றார். கூட்டத்தில் தாங்கள் கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான், ஐயா.

கண்ணகை என்னை ஏசவில்லை. "செவ்வாக்கிழமையே தெரியுமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "உன்ட புள்ளைய மட்டும் தூக்கிட்டுப் போயிட்டியே கஜானி" என்றார். உடுத்த உடுப்போடு மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேறு போக இடமில்லாததால் வந்தார்கள். என்னை மன்னித்து வந்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன். டின்னை ஒருவரும் தொடவில்லை. ஒருவரும் கிட்டப் போகாதபடி என் கணவரும் மீனவர் சங்கத்தார் இருவரும் வீதியில் தள்ளி நிற்கிறார்கள்.

9. மஜீடுக்கும் தொலைபேசியில் சொன்னேன். பற்றைக்காட்டுக்குள் கிடந்ததென்று யாரோ கொண்டுவந்து கொடுத்த உருண்டையாம். மேல் இரும்புக் கூட்டை வெட்டிக் கழற்றியவர் அவர்தான். "மிஸ், ஒரு படம் ஒட்டியிருந்தா நானே பொலிஸுக்குக் கொண்டுபோய்க் குடுத்திருப்பனே. நாங்க என்ன, தெரிஞ்சுகொண்டு புள்ளகுட்டிக்காரன்ட வீட்டுக்கு விக்கிற ஆக்களா?" என்று கேட்டார். அந்தப் படம் என் பழைய கணினியில் இன்றும் இருக்கிறது. கெட்டவர்களுக்குத் தெரியக்கூடாதென்று நாங்கள் மறைத்தோம். ஐந்து மாதத்தில் அது தெரியாமல் போனது, அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத்தான்.

ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

(அ) அளவிடும் கருவிகளுடன் குழுவொன்று நாளை காலையே வந்து குப்பியை அகற்ற வேண்டும். குப்பி உடையாமல் இருந்தால் வார்த்த குண்டுகளில் ஆபத்து இராது என்று நம்புகிறேன். ஆனால் நம்பியிருக்க முடியாது. சட்டியையும் கசடையும் குண்டுகளையும் அளந்து பார்க்க வேண்டும்.

(ஆ) நல்லரத்தினத்தின் புண் ஈயம் சுட்டதல்ல என்பதை வைத்தியசாலைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவருக்கும், சுலோஜனாவுக்கும், கண்ணகைக்கும், மஜீடுக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். என் மகளும் அந்த வீட்டில் பல காலைகள் இருந்தவள். அவளுடைய பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(இ) ஏழாம் பிரிவை நீக்கி, இத்தகைய கலன்களின் படத்தை முதல் வரைவில் இருந்தபடியே வெளியிட வேண்டும். பாதுகாப்புக்காக எதை மறைக்கலாம் என்று விஞ்ஞானிகள் ஆலோசனை சொல்லும்போது, அந்தப் பொருள் போய்ச் சேரக்கூடிய ஊர்களின் ஆட்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். என்னைப் போல் ஒருத்தியைக் கேட்டுவிட்டு ஊரைக் கேட்டதாக எழுதக்கூடாது.

(ஈ) பெப்ரவரிக் கூட்டத்தில் நான் சொன்ன பதில் பொய்யென்று அறிக்கையில் பதிய வேண்டும். பிரகடனத்தை மீறியதற்கான நடவடிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். விசாரணை முடியும்வரை குழுவை மட்டும் தாமதிக்க வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கண்ணகை எழும்பி வந்து மேசையருகில் நின்றார். மாலைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது இப்போதுதான். பாயில் படுத்திருந்த சுலோஜனாவைக் காட்டி, "இவளுக்கு ஏதும் வருமா?" என்று மட்டும் கேட்டார். நான்கு வருடம் பௌதிகவியல் படித்தவள்தான். அளந்து பார்க்காமல் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னொரு பொய் சொல்ல என்னால் ஏலாது. அளக்கும் கருவி தங்களிடம்தான் இருக்கிறது.

தயவுசெய்து விரைவில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கஜானி ரதீஸ்

செட்டிபாளையம்
19.06.2025