கப்பல் சங்கு ஊதியும் நீ எழவில்லை

அக்கா,

நம் மலாக்கா காஜா பெராங் சாலையில், நாம் பள்ளிக்கு நடந்து போன வழியில், புதிதாக ஓர் ஐஸ்கிரீம் கடை திறந்திருக்கிறார்கள். இத்தாலிய முறையில் செய்வதாம். ‘ஜெலாட்டோ’ என்று பலகை மாட்டியிருக்கிறது. நேற்று மத்தியான வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே போனேன். கடைப்பெண் எலுமிச்சை ஜெலாட்டோவைக் குட்டிக் கரண்டியில் எடுத்து, “ருசி பாருங்க ஆன்ட்டி” என்று நீட்டினாள். அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதுமே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை வயதாகியும், கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்கிற அதே பயம்.

நாடு சுதந்திரம் வாங்கி, மெர்டேக்கா கொண்டாடிய மறு வருடம் அது. லண்டனில் எனக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கேயே சட்டம் படித்துக்கொண்டிருந்தவருக்கு உன்னைப் பேசி முடித்திருந்தார் அப்பா. துணைக்குத் துணையாகிவிட்டது என்று இருவரையும் சிங்கப்பூரில் கப்பலேற்றினார். மாப்பிள்ளை விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது நம் வீட்டுக்கு வந்தது ஒரே முறைதான். “அங்க வந்துட்டா டீச்சர் வேலையெல்லாம் மறந்துடணும்” என்று உன்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நீ பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய்.

கப்பலில் நீ அதிகம் பேசவில்லை. கடல் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன்.

இத்தாலியில், நேப்பிள்ஸ் துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்கிப் போகலாம் என்றார்கள். அதற்கடுத்த துறைமுகத்தில் ரயிலேறினால் லண்டன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்துகளில் நடந்தோம். மேட்டில் இருந்த சின்னக் கடையில் உனக்கு எலுமிச்சை, எனக்குச் சாக்லேட். நம்மூர் ஐஸ் மாதிரி நறநறக்கவில்லை. பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு வாய் வைத்ததும் நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு உன் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

சங்கு ஊதியது.

“அக்கா, கிளம்பு லா.”

நீ இன்னொரு கரண்டி எடுத்தாய். “நீ போ. நான் வரல.”

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நீ நாற்காலியை மேசையோடு இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்ட பிறகுதான் விளையாட்டில்லை என்று புரிந்தது.

“பைத்தியமாக்கா? இங்க என்ன பண்ணுவ? இவங்க பாஷை தெரியுமா உனக்கு?”

“தெரியாது. அவரோட வாழவும்தான் தெரியாது. அதுக்கு மட்டும் எல்லாரும் போ போன்னு தள்ளுறீங்க.”

கடைக்காரம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்தாள். கீழே கப்பலின் புகைபோக்கி கருப்பாகப் புகைய ஆரம்பித்திருந்தது. உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். நீ மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாய். நான் அழுதேன். நீ அழவில்லை. மறுபடியும் சங்கு, இந்த முறை நீளமாக.

“சரி, கல்யாணம் வேணாம். கப்பலுக்காவது வா!”

“அவர்கிட்ட யார் சொல்றது? அவர் முகத்தப் பாத்தா எனக்கு வாயே வராது.”

“நான் சொல்றேன்.”

“சத்தியமா?”

“சத்தியமாக்கா. எந்திரி!”

நின்றபடியே கிண்ணத்தை வழித்துக் கடைசி வாயையும் சாப்பிட்டாய். பிறகு ஓடினோம். உன் செருப்பு ஒன்று சந்தில் கழன்று விழுந்தது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஏணிப்படியை எடுக்கும் சமயம், ஒரு மாலுமி திட்டிக்கொண்டே நம் இருவரையும் மேலே இழுத்துப் போட்டான்.

லண்டன் ரயில் நிலையத்தில் அவர் பூங்கொத்தோடு நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “அக்காவுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமில்ல” என்றேன்.

அவர் சிரித்தார். “பெரியவங்க பேசி முடிச்சது. நீ சின்னப் பொண்ணு, தள்ளி நில்லு.”

அப்போது, வாயே வராது என்று சொன்ன நீ, என் முன்னால் வந்து நின்றாய். “அவ சொன்னது நான் சொன்னதுதான். எங்களுக்கு வழி விடுங்க.”

பூங்கொத்தை நம் பெட்டிமேல் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். நீ அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாய்.

பிறகு நீயும் என்னோடு தாதிப் பயிற்சியில் சேர்ந்தாய். அப்பா நெடுநாள் நமக்கு எழுதவில்லை. படிப்பு முடிந்து சிங்கப்பூரில் வந்து இறங்கிய அன்று, கூட்டத்தில் தனியாக நின்றிருந்தார். என் பெட்டியை விட்டுவிட்டு உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நீ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாய். மலாக்கா ஆஸ்பத்திரியில் எத்தனை பிள்ளைகளைப் பிறக்க வைத்தாய்! கல்யாணம் பற்றி யாராவது கேட்டால், “நான் நல்லாத்தானே இருக்கேன்” என்பாய். நல்லாத்தான் இருந்தாய், கடைசி வரைக்கும்.

கப்பலில் அத்தனை நாள் உன் பக்கத்துப் படுக்கையில் படுத்திருந்தேன். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது சொந்தத்தில் பெண் பார்க்கும் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டால், முதலில் அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிடுகிறேன். “உனக்கு?” என்று கேட்டு, அவள் வாய் திறந்து சொல்லும் வரைக்கும், வெளியே எனக்காக ஆறிக்கொண்டிருக்கும் கோப்பியை நான் தொடுவதில்லை, அக்கா.