கழுத்துவரை மணல்

பிப்ரவரி 16, ஞாயிறு இரவு

திருவிடந்தை கரையில் மீன் வாங்கப் போன இடத்தில் தேசிங்கு அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

என் முதல் நாடகம் இதே கரையில்தான். கழுத்துவரை மணலில் புதைந்திருந்தேன். அலை என்னை நெருங்கும்போது, பார்க்க வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் நாடகமே. எல்லோரும் மரியாதையாக நின்று பார்த்தார்கள். கையில் இருந்த வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோண்டியது, நாடகமென்றே தெரியாத இவர்தான். நாடகத்தைக் கெடுத்துவிட்டாரென்று அன்றைக்கு எனக்கு அவர்மேல் அத்தனை கோபம்.

"இந்தப் பொண்ண நான்தான் காப்பாத்துனேன்," என்று மனைவியிடம் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னா தங்கச்சி, அப்பால அந்த மாதிரி எதுவும் பண்ணிக்கலியே?"

"இல்லண்ணா."

அடுத்த மாதம் அதே நாடகத்தை இங்கேயே மறுபடி போடுகிறேன். அவரிடம் சொல்லவில்லை. அலை வரும்போது என் கண் அவரைத்தான் தேடும்.