மதினி என்று எழுதியிருந்தது

அக்கா,

இன்று மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது உங்கள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று கிடைத்தது. போட்டோக்காரரைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கிழித்துப்போட மனம் வரவில்லை. எடுத்து வைத்துக்கொள்ள நான் உங்களுக்கு உறவும் இல்லை. மையத்தைப் பூட்டும் நேரம். உடம்பு அசதியாக இருக்கிறது. இருந்தாலும் இதை எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் இ-சேவை மையத்துக்கு நீங்கள் முதலில் வந்த அன்று வரிசை படிக்கட்டு வரை நின்றது. உங்கள் முறை வந்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தீர்கள். ஒன்று, உங்கள் அண்ணன் வீட்டு ரேஷன் கார்டு நகல். கல்யாணமாகிப் போன பிறகும் அதில் உங்கள் பெயர் நீக்கப்படாமல் இருந்தது. மற்றது, மலைக்கு அந்தப் பக்கத்துச் சிறையிலிருந்து வெளியே வந்ததற்கான சான்று.

"ஆதார் எடுக்கணும் ஆத்தா. ஏலக்கா பொறுக்குற கடையில கார்டு இல்லாம உள்ள விட மாட்டேங்குறாக. அண்ணன் பொண்டாட்டி ஒரு மாசந்தேன் சோறுன்னுட்டா."

சிறைச் சான்றில் பெயர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மதினி என்று இருந்தது. நான் விழிப்பதைப் பார்த்து நீங்களே சொன்னீர்கள்.

"அது என் பேரில்ல தாயி. எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல அம்புட்டுப் பேரும் மதினி, மதினின்னுதான கூப்பிடுவாக. எழுத வந்த போலீசு மலையாளத்துக்காரரு. அதுதேன் பேரு போலன்னு எழுதிட்டாரு. பெறகு கோர்ட்டுலயும் மதினி, ஜெயில்லயும் மதினி. ஒம்பது வருசம் ஜெயில் சூப்ரண்டுக்கே நான் அண்ணன் பொண்டாட்டி!"

நீங்கள் சத்தமாகச் சிரித்தீர்கள். பின்னால் நின்றவர் கழுத்தை நீட்டி, "எந்த ஜெயிலு?" என்றார். எனக்குத்தான் முகம் சுட்டது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். அந்தத் தாளைக் கவருக்குள் தள்ளி, "இது வேணாம்க்கா, ரேஷன் கார்டு போதும்" என்று கிசுகிசுத்தேன். "அதையும் வச்சுப் பாரு ஆத்தா" என்றீர்கள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காய் பறித்துத் தேய்ந்த விரல், ரேகை சரியாக விழுந்திருக்காது என்று நானாக முடிவு செய்து, ஈரத் துணியால் உங்கள் விரல்களைத் துடைத்து மறுபடி அனுப்பினேன். அதற்குள் அண்ணன் வீட்டில் கெடு முடிந்துவிட்டது. குரங்கணிக்கு மேலே மலையில், கார்டு கேட்காத ஒரு காப்பித் தோட்டத்துக்கு ஜீப் ஏறினீர்கள். ஐப்பசி மாதம், அடைமழை. தகரக் கொட்டகையில் படுக்கை. இரண்டாவது மறுப்பு வந்த அன்று இருமிக்கொண்டே இறங்கி வந்தீர்கள்.

அன்றுதான் கேட்டேன். "உள்ள இருக்கும்போது எப்பவாச்சும் வெரல் வச்சீங்களாக்கா?"

"ஒரு நா எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு பத்து வெரலையும் அமுக்குனாக. கண்ணையும் படம் புடிச்சாக. எதுக்குன்னு யாரு கேட்டா?"

சிறைக்குள்ளேயே உங்களுக்கு ஆதார் பதிவாகியிருந்தது, மதினி என்ற பெயரில். உங்கள் விரல் ஏற்கெனவே இன்னொருத்தியுடையது என்பதால்தான் இரண்டு முறையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இனி வேண்டியது பெயர்த் திருத்தம். அதற்கு, இருவரும் ஒருவரே என்று ஓர் அதிகாரியின் சான்று. அதில் ஒட்டத்தான் இந்தப் போட்டோவை எடுத்தோம்.

அதிகாரியின் அறைக்கு நானும் வந்தேன். கைநாட்டு வைக்கும் அப்பாவுடைய மகள். டிகிரி வாங்கிய பிறகும் அப்படிப்பட்ட அறைகளில் எனக்குக் குரல் எழும்புவதில்லை. அவர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நான் எப்பிடிம்மா நம்புறது?"

நீங்கள் சொன்னீர்கள்: "ரெண்டு பேரா இருந்திருந்தா ஒருத்தி உள்ள கெடந்திருப்பா, இன்னொருத்தி வீட்டுல இருந்து எம்மகளை வளத்திருப்பால்ல சார்?"

அவர் பேனாவைத் திறந்தார்.

கார்டு வந்தது. ஒன்றரை வருடம் கடையில் காய் பொறுக்கினீர்கள். ஏலக்காய் வாசத்தோடு மையத்துக்கு வந்து, "சோலி எப்பிடிப் போகுது?" என்று என்னைக் கேட்பீர்கள். இருமலும் கூடவே வந்தது. போன மாசியில் நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தீர்கள். அந்த மழையால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

தாமதத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம், "நீ என்னாத்தா செய்வ, மிசினு செஞ்ச வேல" என்பீர்கள். நானும் பேசாமல் இருந்துவிடுவேன். மிசின் செய்யவில்லை அக்கா. அந்தத் தாளை மறைத்தது நான். அதை உங்களிடம் சொல்ல ஒன்றரை வருடம் இருந்தும் சொல்லவில்லை.

இப்போது சிறையிலிருந்து வருகிறவர்களின் சான்றை எல்லாத் தாள்களுக்கும் மேலே வைக்கிறேன். "உள்ள வெரல் வச்சீங்களா?" என்று முதலிலேயே கேட்கிறேன். மெதுவாகக் கேட்டால் அவர்களுக்குப் புரிவதில்லை. சத்தமாகக் கேட்டால் வரிசை திரும்பிப் பார்க்கிறது. போன வாரம் ஓர் அம்மா, "ஏம்மா, ஊரக் கூட்டித்தேன் கேப்பியா?" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்தார். வராமலும் இருந்திருக்கலாம். சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கேட்க அரை நிமிடம்கூட ஆவதில்லை. உங்களிடம் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் நீங்கள் மலையில், மழையில்.