கழுத்தின் மேல் போட்ட வழி

மார்ச் 2, ஞாயிறு

பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அறுபது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவிக்கிற வேலை எனக்கு இல்லை. காலையில் மைனஸ் பன்னிரண்டு. பத்து மணிக்கெல்லாம் வெயில் கன்னத்தைச் சுட்டது. என் புருஷன் ரெய்யோ பனி வாரும் லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் எல்லாரும் ஏரிக்குப் போனோம். ஐஸ் மேல் கலைமான் தோலை விரித்துப் படுத்துக்கொண்டு, கோட்டைத் திறந்து போட்டு, வெயில் காய்ந்தோம். நவம்பரிலிருந்து இதற்காகத்தானே காத்துக் கிடந்தோம்!

மீன் பிடிக்க ஐஸில் அப்பா நான்கு துளை போட்டார். எழுபத்திமூன்று வயதுக்கு இந்த வேகம் யாருக்கு வரும்? வில்யா முதல் மீனைப் பிடித்ததும் ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மெதுவாடி, மத்த மீனெல்லாம் ரஷ்யாவுக்கே ஓடிடும்" என்றார் அப்பா. அப்புறம், "தூண்டிலை இறுக்கிப் பிடி, ஹில்க்கா" என்றார் அவளிடம்.

"தாத்தா, நான் வில்யா. ஹில்க்கா அம்மா."

எல்லாரும் சிரித்தோம். பேத்தியை மகள் பேர் சொல்லிக் கூப்பிடாத தாத்தா உண்டா?

காபியில் இரண்டு தடவை தூள் போட்டார். கசப்பு. யாரும் சொல்லவில்லை, குடித்தோம்.

மார்ச் 4

அப்பா இன்று ஏரியில் வழி போடுகிறார். ஐஸ் மேல் எந்தப் பக்கம் வண்டி போகலாம் என்று காட்ட வரிசையாக நடுவதற்கு, காட்டிலிருந்து வெட்டிய ஊசியிலைக் கிளைகளோடு கிளம்பிவிட்டார். யாரும் கூட வரக்கூடாதாம்.

மார்ச் 5, புதன்

அக்கரையிலிருந்து கெர்ட்டு பனிவண்டியில் வந்தாள். மாவும் பாலும் வாங்க வாரம் ஒருமுறை வருவாள். படியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்:

"ஏன் ஹில்க்கா, உங்கப்பா இந்த வருஷம் கழுத்து வழியா போட்டிருக்காரே?"

"கழுத்து வழியாவா? இருக்காது."

"கண்ணு தெரியாமலா ஓட்டிட்டு வந்தேன்? உங்கப்பா அர்மாஸ் போட்ட வழியாச்சேன்னுதான் வந்தேன். அங்க வந்ததும் எங்கேயும் நிக்காம ஒரே முறுக்கா முறுக்கிட்டு வந்துட்டேன்."

ஏரி நடுவில் இடுங்குகிற இடத்தைக் கழுத்து என்போம். அடியில் நீரோட்டம். குளிர்காலம் முழுக்க ஐஸைக் கீழிருந்து தின்றுகொண்டே இருக்கும். ஐந்து வயதில் அப்பா எனக்கு முதலில் சொன்ன விலக்கே அதுதான்: அந்தப் பக்கம் போகாதே. நாற்பது வருஷமாக அந்த இடத்தைச் சுற்றித்தான் கிளை நடுகிறார். இந்த ஊரில் அவர் நட்ட கிளையை அரசாங்கம் போட்ட தார் ரோட்டைவிட நம்புவார்கள்.

மத்தியானம் நானே துளைப்பானை எடுத்துக்கொண்டு போனேன். மற்ற இடங்களில் முக்கால் மீட்டர் ஐஸ். கழுத்தில் ஒரு சாண்தான். துளைக்குள் தண்ணீர் சும்மா நிற்கவில்லை, இழுத்துக்கொண்டு ஓடியது.

ரெய்யோவிடம் சொன்னேன். "இப்போதைக்கு வண்டி தாங்கும். மாமாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்றான். இப்போதைக்கு. ஏப்ரலில்?

மார்ச் 8

அப்பா வீட்டுக்குப் போனேன். எங்கள் வாசலுக்கும் அவர் வாசலுக்கும் நூறு அடி. அந்த நூறு அடியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவைத் திறந்ததும் கருகல் வாசனை. மின்சார அடுப்பில் காபிக் கெண்டி, தண்ணீர் வற்றி, அடி சிவந்து கிடந்தது. அப்பா ஜன்னலோரம் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அடுப்பு!"

"தெரியும். இப்பத்தான் வச்சேன்."

கெண்டியை வெளியே பனியில் வைத்தேன். சீறியது. திரும்பி வந்து ஆரம்பித்தேன்.

"அப்பா, இந்த வருஷம் வழி கழுத்து மேல..."

முகம் மாறிவிட்டது. "ஐஸைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்க வந்தியா? நீ போய் உருளைக்கிழங்கு அவி."

வந்துவிட்டேன். கோபமில்லை. அவர் கண்ணில் இருந்ததும் கோபமில்லை. பயம். அவருக்கே தெரிந்திருக்கிறது. எதுவோ கைநழுவுகிறது என்று. அதை நான் வாய்விட்டுச் சொன்னால் அப்புறம் அவர் யார்?

மார்ச் 9

வில்யா தாத்தாவோடு மீன்பிடிக்கக் கிளம்பினாள். நானும் கூடவே போனேன். "என்னம்மா, வால் மாதிரி" என்றாள்.

மார்ச் 12, புதன்

செய்துவிட்டேன்.

விடிகிற நேரம். பனியின் மேல்தோல் இறுகிப் பலகை மாதிரி இருந்தது; மேலே நடந்தால் சுவடுகூட விழாது. கழுத்தைத் தாண்டிப் போன கிளைகள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பழையபடி கிழக்குக் கரையைச் சுற்றி நட்டேன். கழுத்தின் மேல் போன தடத்தில் சுள்ளிகளைக் குறுக்கே போட்டேன். அப்பா எழுந்திருக்குமுன் முடித்துவிட்டு, பள்ளிச் சமையற்கட்டுக்குப் போய்க் கஞ்சி கிண்டினேன்.

ரெய்யோவிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவிடம் போய் நிற்பான். ஊருக்குத் தெரியும். அர்மாஸுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். வேண்டாம். வழியும் சரியாகிவிட்டது, அவர் மானமும் தப்பியது. இதில் என்ன தப்பு?

மார்ச் 14

கெர்ட்டு: "உங்கப்பா வழியை மாத்திட்டாரு போல. நல்லதாப் போச்சு." தலையாட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

இந்த வருஷத்திலேயே அழகான நாள் இதுதான். நிழலில்தான் குளிர், வெயிலில் சட்டையோடு உட்கார்ந்திருந்தோம். ரெய்யோவின் மூக்குத் தோல் உரிந்துவிட்டது. பனிச்சுவர் கட்டி, அதற்குள் தீ மூட்டி, தொத்திறைச்சி சுட்டோம். வில்யா தாத்தாவைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து இழுத்தாள், பாதி தூரத்தில் கவிழ்த்துவிட்டாள். அப்பா பனியில் உருண்டு கிடந்து சிரித்த சிரிப்பை எத்தனை நாளாயிற்று கேட்டு!

பிறகு எழுந்து பனியைத் தட்டிக்கொண்டே ஏரியைப் பார்த்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு. வெகுநேரம். விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

"எவனோ என் வழியில கை வச்சிருக்கான்."

"காத்துல சாஞ்சிருக்கும் மாமா" என்றான் ரெய்யோ.

"முப்பது கிளையா சாயும்?"

நான் நெருப்பைக் கிளறினேன். புகை கண்ணில் பட்டது நல்லதாயிற்று.

மார்ச் 17

இன்று சொல்லியிருக்க வேண்டும். அப்பா கடைக்குப் போய், யார் செய்தது என்று எல்லாரையும் கேட்டிருக்கிறார். பள்ளிப் பையன்கள் வேலையாக இருக்கும் என்று யாரோ சொல்ல, தடியை ஓங்கினாராம்.

நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 18

சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

பிளஸ் ஐந்து. மார்ச்சில்! கூரையெல்லாம் சொட்டுகிறது. ஐஸ் மேல் கணுக்கால் அளவு தண்ணீர், பால் கலந்த மாதிரி. அன்னங்கள் வந்துவிட்டன, இரண்டு வாரம் முன்னதாகவே. ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. வில்யா ஓட்டப்பந்தயம் மாதிரி ஓடி வந்து சொன்னாள். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அன்னம் திறந்த தண்ணீரில்தான் இறங்கும். அவை உட்கார்ந்திருந்தது கழுத்தில்.

மத்தியானம் அப்பாவின் கொட்டகையில் கோடாரிச் சத்தம். விறகு பிளக்கிறார் என்று நினைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு. சுகாதார நிலையம்

இருக்கிறார். அப்பாவுக்கு மூச்சு இருக்கிறது. வில்யாவுக்கு ஒன்றுமில்லை, வில்யாவுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 24

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் இது தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இரவு வேலை முடிந்து ரெய்யோ தூங்குகிறான். வில்யா தாத்தா வீட்டு வாசலில் விளையாடுகிறாள் என்று நினைப்பு. பனிவண்டிச் சத்தம் கேட்டு ஜன்னலைப் பார்த்தால், அப்பா ஓட்டுகிறார். பின்னால் சறுக்குவண்டி. அதில் புதிதாக வெட்டிய பச்சைக் கிளைகள் குவியலாக. குவியல் மேல் வில்யா, கையாட்டிக்கொண்டு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. திரும்பவும் நடப் போகிறார். அவருடைய இடத்தில்.

ரெய்யோவை என்ன சொல்லி எழுப்பினேன் என்று ஞாபகமில்லை. மாவுக் கையோடு பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஓடினேன். தண்ணீரில் கட்டை ஓடவே இல்லை, ஒட்டியது. கத்தினேன். காற்று எதிர்க்காற்று. அப்பா கழுத்துக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தினார். அங்கே நிறுத்தினாரே! அந்த அளவுக்குப் பழைய அர்மாஸ் இன்னும் உள்ளே இருந்திருக்கிறார். கிளைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தனியாக நடந்தார். ஒன்று நட்டார். இரண்டு. மூன்று. நாலாவதற்குக் குனிந்தவர் நிமிரவில்லை. சத்தமே இல்லை. மனிதர் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வில்யா வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தாள். நீளமான கிளை ஒன்றை முன்னால் தள்ளிக்கொண்டு.

"தாத்தா, இதைப் பிடி! பிடி தாத்தா!"

அவர் இரண்டு முழங்கையையும் ஐஸ் விளிம்பில் ஊன்றியிருந்தார். தொப்பியைக் காணோம். குழந்தையைப் பார்த்து, "கிட்ட வராத, போ, போடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவள் பூட்ஸைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். என்னை உதைத்தாள். ஐஸ் எங்கள் கீழே வளைந்தது. வளைந்தது, எனக்குத் தெரிந்தது. அவளை வண்டி வரைக்கும் இழுத்துப்போய்விட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்.

அப்பாவை விட்டுவிட்டு மகளை இழுத்தேன். சரிதான். வேறென்ன செய்வேன்? ஆனால் திரும்பிப் பார்க்கும்வரை அவர் இருப்பாரா என்று தெரியாமல் இழுத்தேன்.

ரெய்யோ ஏணியும் கயிறுமாக வந்தான். ஏணியைப் படுக்கப் போட்டு அதன் மேல் ஊர்ந்தான். கயிறு அப்பாவின் அக்குளுக்கடியில் போனதும் மறுமுனையைப் பனிவண்டியில் கட்டி, அவன் ஓட்ட, நான் கையால் இழுத்தேன். வெளியே வந்தவர் உடம்பு மரக்கட்டை. உதடு நீலம். "என் கிளை" என்றார்.

மார்ச் 27

ஹெலிகாப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் சளி. இடது கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள்.

வில்யா சாப்பிடுகிறாள். வெளியே போக மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 30

கெர்ட்டு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி ரோட்டு வழியாக வந்தாள், எழுபது கிலோமீட்டர். ரெய்யோ இருக்கும்போதே கேட்டாள்:

"வழியை அவரே மாத்தினாருன்னுதானே நெனச்சேன். அப்போ முதல்ல மாத்தினது யாரு? எவன் அந்தக் கிழவரை இப்படி உசுப்பிவிட்டானோ, அவன் கை விளங்காமப் போக."

"நான்தான்" என்றேன்.

கெர்ட்டு எழுந்து வந்து என் தலையைத் தொட்டாள். அவள் போன பிறகும் ரெய்யோ மேசையை விட்டு எழவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டிச் சாவியை எடுத்து ஒளிச்சு வச்சிருப்பேன். ஒரே ஒரு வார்த்தை."

"அஞ்சாம் தேதியே சொன்னேன். மாமாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்ன."

சொன்னதில் எனக்குச் சுகமில்லை. அதோடு எங்களுக்குள் பேச்சு உப்பு எங்கே, லாரிச் சாவி எங்கே என்ற அளவில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 6

கிராம சபைக்காரர்கள் கழுத்தின் இரு கரையிலும் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். அப்பா வீட்டு அடுப்பின் இணைப்பை ரெய்யோ பிடுங்கிவிட்டான். நான் கேட்காமலே.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வில்யா காரிலேயே இருக்கிறேன் என்றாள். ரெய்யோ அவளோடு இருந்தான். நான் மட்டும் உள்ளே போனேன்.

அப்பா மெலிந்துவிட்டார். வெயிலில் கறுத்த முகம் மட்டும் அப்படியே இருக்கிறது, வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிவைத்தது போல. என்னைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் பேரைத்தான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், தின்றார். வீட்டில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"அப்பா, கிளையெல்லாம் மாத்தி நட்டது நான்தான்."

மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"தனியாவா?"

"ஆமாப்பா."

"அத்தனையுமா?"

"முப்பத்தொண்ணு."

என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மார்மேல் வைத்துக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணின, கண்ணு. நானும் பாத்தேன். எவனோ ஒரு மடையன் கழுத்து மேலயே வழி போட்டிருந்தான். புள்ளகுட்டி போற எடம். யாராவது செத்திருப்பாங்க." பிறகு பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பினார். "ஏங்க, இங்க பாருங்க. இது எம் பொண்ணு. ஏரியே இவளுக்கு அத்துப்படி."

அவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

காருக்கு வந்து, அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் ரெய்யோவிடம் சொன்னேன். வில்யா பின்சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வண்டியைக் கிளப்பவில்லை. நிறுத்துமிடத்துப் பனி உருகி, வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆரஞ்சு சாப்பிட்டாரா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டார்."

"அடுத்த வாரம் இன்னும் நாலு வாங்கிட்டு வரலாம்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.