அவிழ்க்காமல் விட்ட முடிச்சு

என் பாக்கியத்துக்கு,

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவர், எழுதுகிறார். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குப் புதிதில்லை. மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

நம் செல்லம்மாவுக்குப் பெண் குழந்தை. வயிற்றை வெட்டாமல் பிறந்தது. முதல் பிள்ளையை வெட்டி எடுத்தும் அது தங்கவில்லை. அந்த ஏக்கத்தோடுதான் நீ அடுத்த மாதமே போனாய்.

இந்த முறை விடியும்போதே வலி கண்டது. மருமகன் ரயில் வேலையாக ஈப்போ போயிருந்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நான்தான் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

“ரெண்டாவது புள்ளதானே, சீக்கிரம் ஆயிடுமா?” என்று அங்கிருந்த ஆயாவிடம் கேட்டேன்.

“கணக்குக்குத்தான் ரெண்டு, பெரியவரே. இந்த வழியா வர இதுதானே முதப் புள்ள. முதப் புள்ளைக்காரிக்கு ஆகிற நேரம் ஆகும்.”

அதுவரை பழைய தையல் தாங்க வேண்டுமே. தையல் விட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. சாயந்தரம் வரை பார்ப்பேன், பிறகு வெட்டுவேன் என்று துரை டாக்டர் சொல்லிவிட்டார்.

ரயில் பட்டறையில் மத்தியானச் சங்கு ஊதியபோது வலி நின்றுவிட்டது.

“போன தடவையும் இப்படித்தான் நின்னுச்சாம். வீட்டுல முடிச்சு கிடந்தா புள்ளைக்கு வழி கிடைக்காது. பூட்டு, முடிச்சு ஒண்ணு விடாம தொறந்து அவுத்துட்டு வாங்க” என்றாள் ஆயா.

ஓடினேன். பெட்டிகளைத் திறந்தேன். கொசுவலை, கொடிக்கயிறு, அரிசி மூட்டை, எல்லாவற்றையும் அவிழ்த்தேன். என் அரைஞாணையும் அறுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

“அதுக்காக வேட்டிய வுட்டுறாதீங்க. உள்ள பொம்பளைங்க இருக்காங்க” என்றாள் ஆயா. அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

வலி திரும்பவில்லை. ஜன்னல் வழியாகச் செல்லம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள்.

“அப்பா, அம்மா என் கால்மாட்டுல நிக்குது. ரெண்டு காலையும் ஒட்டி வச்சுக்கிட்டு நிக்குது. வழிவிடச் சொன்னா, நகர முடியலங்குது.”

பாக்கியம், உனக்குத் தெரிந்ததை இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. கிள்ளான் இடுகாட்டில் உன்னை இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. உன் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய நூலை நான்தான் அவிழ்க்க வேண்டும். மறந்துவிட்டேன். மண் தள்ளிய பிறகு நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கிள்ளானுக்குப் போய்வர நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் செம்மண் தரையில் மண்டியிட்டேன். “தப்பு என்னுது. புள்ளைய விட்டுடு” என்று சொல்லி, உன் கால் இருப்பதாக நினைத்துக் கையை நீட்டினேன். விரலில் ஈர நூல் பட்டது. அது உன் நூல்தானா? இழுத்தேன். அவிழ்ந்தது. கையைப் பார்த்தேன். சேறு மட்டும் இருந்தது.

உள்ளே செல்லம்மா கத்தினாள். வெயில் தாழுமுன் பேத்தி பிறந்தாள். தையல் தாங்கியது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். தாயும் பிள்ளையும் வீடு வந்த நாளிலிருந்து, பட்டப்பகலில் நடையில் காலடி கேட்கிறது. முதலில் தத்தித் தத்தி. இப்போது நன்றாகவே நடக்கிறாய். தூளி தானாக ஆடுகிறது. நேற்று செல்லம்மா, “அம்மா புள்ளையக் கேக்குதுப்பா” என்றாள். பேத்தியை ஆசைக்குப் பார்க்க வந்தாயா, கூட்டிப்போக வந்தாயா?

அந்தப் பிள்ளை வேண்டாம், பாக்கியம். வரும் வெள்ளிக்கிழமை கிள்ளான் ரயிலில் நான் போகிறேன். நீயும் என்னோடு ஏறிவிடு. உன் இடத்தில் நீ படுக்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நானே இருந்துவிடுகிறேன். மருமகனிடம் திரும்பும் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கால்கட்டை மறந்துபோன உன் வீட்டுக்காரன்