சிவப்புக் கோடு விழுந்த செல்கள்

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு வளர்ப்புத் தட்டைத் திறந்ததும் ஈரமண் வாசம் அடித்தது. நம் மண் அமீபாக்களின் வாசம். உடனே உன் மேல் கோபம் வந்தது. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாயே!

தொண்ணூறுகளின் கடைசியில் புனேவில் நாம் ஒரே மேசையைப் பங்கு போட்ட ஆய்வு மாணவிகள். நான் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்தவள். உன் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கேயே, கன்டோன்மென்ட் பக்கம். உன் தமிழில் பாதி இந்தி. இரை தீர்ந்தால் இந்த அமீபாக்கள் ஆயிரக்கணக்கில் ஊர்ந்து கூடி ஓர் உடலாகும். சில காம்பாகிச் சாகும். மற்றவை அதன் உச்சியில் வித்துகளாகிப் பிழைக்கும். எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள், ஒரே மரபணுக்கள். பிறகு யார் காம்பு, யார் வித்து என்பது எப்படி முடிவாகிறது? அதுதான் உன் கேள்வி.

எல்லாச் செல்களையும் ஒரே குழாயில் நசுக்கி, ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று சராசரி எடுப்பது நம் ஆய்வகத்து வழக்கம். நீ அந்த மரபணுவோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாகப் பார்த்தாய். பட்டினிக்கு முன்பே சில பளிச்சென்று இருந்தன, சில மங்கல். பளிச்சென்று இருந்தவை பெரும்பாலும் காம்புக்குப் போயின. உன் செய்முறை சுத்தமில்லை, அதெல்லாம் பிழை, அடித்துவிடு என்றார் நம் வழிகாட்டி.

அடித்தது நான். உன் கட்டுரை சீக்கிரம் வெளிவரட்டுமே என்று, நீ இல்லாத நேரத்தில், உன் நோட்டில் சராசரியை விட்டு விலகிய செல்களின் எண்கள் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தேன்.

"அரே, யாரைக் கேட்டு அடிச்சே? அது கச்சரா இல்லடி, தூக்கிப் போடற குப்பை இல்ல. அந்த வித்தியாசம்தான் பதிலே!"

மூன்று வாரம் நீ என்னோடு பேசவில்லை. எல்லாவற்றையும் மறுபடி எண்ணினாய், அதே விடை. அப்போதும் வழிகாட்டி கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாய். ஆய்வேடு பாதியில் நின்றது.

இப்போது எனக்கென்று ஒரு சிறிய ஆய்வகம் இருக்கிறது. உன் சோதனையை நல்ல கருவிகளோடு திரும்பச் செய்தோம். நீ சொன்னதுதான் சரி. உன் பெயரை முதலில் போட்டு ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். நேற்று பதில் வந்தது: வேறுபாடுகளை நீக்கிவிட்டுச் சராசரியை மட்டும் தந்தால் வெளியிடுவார்களாம். இறந்தவர் பெயர் ஏன் முதலில் இருக்கிறது என்றும் ஒரு கேள்வி.

"விடுங்க மேடம், பேப்பர் வந்தா போதாதா?" என்றார் உடன் வேலை பார்ப்பவர்.

"ஒரு தடவை விட்டேன் சார். இனிமே முடியாது."

பதில் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு செல்லையும் நீக்க மாட்டேன், உன் பெயரையும்தான். திருப்பி அனுப்பினால் வேறு இடத்துக்கு அனுப்புவேன். உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதன் பக்கம் ஒன்றை, கோடுகளோடு அப்படியே, கட்டுரையின் முதல் படமாகச் சேர்த்திருக்கிறேன். இவற்றை அடித்தது யார் என்று கேட்கட்டும். படத்தின் கீழேயே என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.